மறுமொழி: செல்ஃப் எஃபிகசி – 'செயல்துணிபு' என்னலாமா?

அனைவருக்கும் வணக்கம். 'செல்ஃப் எஃபிகசி' (self-efficacy) என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் 'செயல்துணிபு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதைப் பற்றி இங்கே எழுந்த மறுப்புகளை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> தன்னம்பிக்கை என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? எல்லோருக்கும் புரியுமே.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பொதுவான மனத்திடத்தைப் பற்றிப் பேசவில்லை. குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவருக்கு இருக்கும் உறுதியைத்தான் சொன்னார். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுவிடுவேன் என்பதில் ஒருவருக்குத் துளியும் ஐயம் இருக்காது. விருந்தில் இனிப்பை மறுப்பீர்களா என்றால் அவரே தயங்குவார். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் கை பின்வாங்கும். இவருக்குத் தன்னம்பிக்கை உண்டா, இல்லையா? ஒற்றை விடை கிடையாது. அதனால்தான் இதை அளக்கும் வினாத்தாள்கள் உணவு, நடை, மருந்து, பாதப் பராமரிப்பு என்று தனித்தனியாகக் கேட்கின்றன.

> நோயறிவு கூடினால் இதுவும் தானாகக் கூடும். இரண்டுக்கும் சேர்த்து 'நோய்த்தெளிவு' என்று வைத்துவிடலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றை எப்போது வளர்க்கிறது என்ற கேள்வியையே எழுப்ப முடியாது. இன்சுலின் போடுபவர் ஒருவர், சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தால், நடக்கப் போகப் பயப்பட மாட்டார். அங்கே அறிவு துணிபை வளர்க்கிறது. கண் போகும், சிறுநீரகம் கெடும் என்ற பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பினால்? அதுவும் அறிவுதான். ஆனால் 'என்னால் ஆகுமா' என்ற கலக்கமும் கூடவே வரும். பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, தானே செய்து பார்த்து வென்ற அனுபவம். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை எல்லாம் அப்புறம்தான். நடந்துவிட்டு வந்து குளுக்கோமீட்டரில் எண் இறங்கியிருப்பதைத் தானே பார்த்தவருக்கு வரும் உறுதியைத் துண்டறிக்கை தராது.

இதற்கு 'தன்திறன்' என்ற மாற்றுச் சொல் சுருக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது திறனையே குறிக்கிறது. ஊசி போடத் தெரிந்தும் துணிபு இல்லாதவர்கள் உண்டு. துணிபு என்றால் தெளிந்து அடைந்த முடிவு. 'துணிவு' என்று எழுதினால் வீரமாகிவிடும், அதனால் பகரத்தை விடக்கூடாது. உணவுச் செயல்துணிபு, மருந்துச் செயல்துணிபு என்று அடைமொழியும் எளிதாகச் சேரும்.

ஒரு வேண்டுகோள். நோயாளிகளுக்கான வினாத்தாளில் இந்தச் சொல்லைப் போட வேண்டாம். "இதை உங்களால் செய்ய முடியும் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும்.

அப்புறம், 'நோயறிவு' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. நோயைக் கண்டுபிடிப்பதை 'நோயறிதல்' என்கிறோம், இரண்டும் குழம்பும். 'நோய் பற்றிய அறிவு' என்று விரித்தே எழுதலாமா, வேறு சொல் இருக்கிறதா?