51 லட்சம் டாலரை யூனியன் ஹில் வாங்கியிருக்க வேண்டுமா?

தறிக்காரன்:
விர்ஜினியாவின் பக்கிங்ஹாம் கவுண்டியில் இருக்கிற சின்ன ஊர் யூனியன் ஹில். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான கறுப்பின மக்கள், பழைய தோட்ட முதலாளிகளின் நிலத்தை வாங்கிக் குடியேறிய இடம். யூனியன் ஹில், யூனியன் குரோவ் என்று இரண்டு பாப்டிஸ்ட் தேவாலயங்கள் உண்டு. 600 மைல் எரிவாயுக் குழாய்க்கு அழுத்த நிலையம் (எரிவாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் இயந்திர நிலையம்) கட்ட வந்த டொமினியன் என்ற எரிசக்தி நிறுவனம், சமுதாயக் கூடத்துக்கும் அவசர மீட்புப் படைக்கும் 51 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஊரிலேயே சிலர் சரி என்றார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகிற ஊருக்கு அது சின்னப் பணமா?

மண்வாசி:
அந்த 51 லட்சம் எதற்கு என்று கேளுங்கள். 54,000 குதிரைத்திறனில் இரவு பகலாக ஓடப்போகிற இயந்திரம், அதன் புகை முழுக்க இவர்களுக்கு. நிலையம் கட்ட 68 ஏக்கரை விற்றது பழைய தோட்ட உரிமையாளரின் வாரிசுகள், கிடைத்தது 25 லட்சம் டாலர்! அடிமையாக உழைத்தவர்களின் கல்லறைகள், பல பெயர் கூட இல்லாதவை, அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன என்று ஊர்க்காரர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

தறிக்காரன்:
கல்லறைக்காகத் தொழிலே வேண்டாம் என்றால் எந்த ஊரிலும் ஒரு கம்பம் நட முடியாது. அங்கே ஆள் நடமாட்டமே குறைவு என்றுதானே கணக்கு சொன்னது?

மண்வாசி:
சொன்னது கணினிக் கணக்கு. ஊர்க்காரர்களோடு ஒரு மானுடவியலாளர் வீடு வீடாக ஏறி எடுத்த கணக்கில், அங்கே வாழ்கிறவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். 2019 ஜனவரியில் மாநிலக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிலையத்துக்கு அனுமதி கொடுத்தது, சரியாக ஒரு வருஷத்தில், 2020 ஜனவரி 7 அன்று, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் நீதி, அதாவது மாசின் சுமை ஏழைகள், சிறுபான்மையினர் தலையில் மட்டும் விழக்கூடாது என்பது, வெறுமனே டிக் அடித்துவிட்டுப் போகிற கட்டம் இல்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

செட்டிபாளையத்தான்:
குறுக்கே ஒன்று. அதே கவுண்டியில்தான் எங்கள் ஊர்ப் பக்கத்து சுவாமி சச்சிதானந்தா நிறுவிய ‘யோகாவில்’ (Yogaville) என்ற ஆசிரமம். அங்கிருந்தவர்களும் தேவாலயக்காரர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். பைபிளும் பத்மாசனமும் ஒரே பந்தலில்! எனக்கே ஆச்சரியம்தான்.

தறிக்காரன்:
கூட்டணி நல்லாத்தான் இருக்கு. 2020 ஜூலையில் குழாய்த் திட்டமே கைவிடப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணமும் போச்சே. மீட்புப் படைக்கு இனி யார் தருவார்கள்?

மண்வாசி:
வரி கட்டுகிறவர்களுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவது கவுண்டி வேலை. புகையைச் சுவாசிக்கச் சம்மதித்தால்தான் ஆம்புலன்ஸ் என்றால், முதலில் கவுண்டி ஆபீஸில் போய்க் கேளுங்கள், அப்புறம் அந்தத் தேவாலயத்துக்காரர்களிடம் வரலாம்.