வியாசர்பாடி நூலகத்துக்கு கோஹா தெரிந்தவர் தேவை

வணக்கம் நண்பர்களே. சென்னை வியாசர்பாடியில் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நூலகம் நடத்துகிறோம். எந்தப் புத்தகம் யாரிடம் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில்தான். போன மழையில் கூரை ஒழுகி, பாதிப் பக்கங்களில் மை கரைந்துவிட்டது.

கோஹா என்ற இலவச நூலக மென்பொருளைப் போடலாம் என்று யோசனை. நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலகம் தன் தேவைக்காகச் செய்யவைத்து, 2000-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. லினக்ஸில் ஓடும், உரிமக் கட்டணம் இல்லை. நன்கொடையாக வந்த பழைய கணினி ஒன்று இருக்கிறது. ஆனால் நிறுவத் தெரிந்த ஆள்தான் இல்லை.

சனிக்கிழமை மாலைகளில் வர யாராவது உண்டா? நீங்களே செய்து முடித்துவிட்டுப் போவதைவிட, எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. தமிழ்த் தலைப்புகளை அவர்களே ஏற்றிவிடுவார்கள். அப்புறம், பழைய பார்கோடு ஸ்கேனர் வீட்டில் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள். சம்பளம் தர முடியாது, சூடாக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தருவோம்.