அப்பாவோட ஏடிஎம் கார்டை கேன்சல் பண்ணிரலாமா, வேற வழி இருக்கா?

கரிசல்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ரிட்டயர்டு வாத்தியார், அருப்புக்கோட்டை பக்கம் கிராமத்துல அம்மாவோட இருக்காரு, நான் கோயம்புத்தூர்ல. பென்ஷன் வர்ற அக்கவுண்ட்லதான் ரிட்டயர் ஆனப்ப வந்த பணமும் மொத்தமா கிடக்கு, அதுக்குத்தான் டெபிட் கார்டும். போன வாரம் எங்க தெரு பெரியவர் ஒருத்தர் ஏடிஎம் போயிருக்காரு, பின்னாடி நின்ன பையன் அவர் பின் அடிக்கிறதப் பாத்துட்டு, "தாத்தா மெஷின் மக்கர் பண்ணுது, குடுங்க நான் எடுத்துத் தர்றேன்"னு வாங்கி, திருப்பிக் குடுக்கறப்ப அதே பேங்க்கோட வேற கார்டைக் குடுத்துட்டான். ராத்திரி 12க்கு முன்னாடி ஒருக்கா, 12 தாண்டி ஒருக்கான்னு ரெண்டு நாள் லிமிட்டையும் உருவிட்டான். அதுல இருந்து அம்மா கார்டை வெட்டிப் போடுங்கன்னு ஒரே பிடிவாதம். அப்பா போன்ல பணம் அனுப்புறதெல்லாம் தொடமாட்டாரு, பேங்க்குக்கு பஸ் ஏறித்தான் போகணும், கார்டு இல்லன்னா ரொம்ப கஷ்டம். என்ன பண்ணலாம்?

முன்னாள்கேஷியர்:
கார்டை வெட்ட வேண்டாம்மா. கார்டுக்குப் பின்னாடி எவ்வளவு பணம் இருக்குன்றதுதான் இங்க விஷயம். பென்ஷன் அக்கவுண்டுக்கு கார்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் தொறந்து கார்டை அதுக்கு மட்டும் வாங்குங்க, மாசா மாசம் வீட்டுச் செலவுக்கு வேண்டியது மட்டும் தானா அங்க போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்துடலாம். மீதிய எஃப்டில போடுங்க, ஆனா ஆட்டோ ஸ்வீப் எஃப்டி போட்றாதீங்க, அதுல சேவிங்ஸ்ல பணம் பத்தலன்னா டெபாசிட்டே தானா உடைஞ்சு வரும், திருடன் கையில கார்டு இருந்தாலும் அப்படித்தான் வரும். நெறைய பேர் இத கவனிக்கறதே இல்ல.

அடுத்தது கார்டுல இருக்கற சுவிட்ச். 2020ல ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த ரூல்படி, புது கார்டு வரும்போது உள்ளூர் ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யும், ஆன்லைன், வெளிநாடு, கார்டை மெஷின்ல சொருகாம மேல காட்டி டேப் பண்றது எல்லாம் நாமளா ஆன் பண்ணாத்தான் உண்டு. அப்பாவுக்கு மூணும் வேண்டாம், ஆஃப்லயே இருக்கட்டும். முக்கியமா வெளிநாடு. நம்ம ஊர் சைட்ல ஓடிபி கேக்கும், வெளிநாட்டு சைட் பலதுல கார்டு நம்பர், எக்ஸ்பைரி, பின்னாடி இருக்கற மூணு இலக்க சிவிவி நம்பர் இருந்தாலே பணம் போயிடும். டேப்ல 5,000 ரூபா வரைக்கும் பின் இல்லாமலே போகும், அதையும் மறந்துடாதீங்க. ஏடிஎம் டெய்லி லிமிட்டை 5,000, 10,000னு குறைச்சு வைங்க. ஆப்ல முடியலன்னா பிராஞ்ச்ல செஞ்சு குடுப்பாங்க.

இன்னொண்ணு, அக்கவுண்ட் தொறந்த அன்னைக்கே கையில குடுக்கற கார்டுல பேரே இருக்காது. அதான் மாத்தினாலும் தெரியறதில்ல. பேர் போட்ட கார்டு கேட்டு வாங்குங்க, அப்பா கார்டை திரும்ப வாங்கினதும் பேரைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் பைக்குள்ள வைக்கணும்.

பில்லிங்_கவுன்ட்டர்:
அக்கா நான் ஜவுளிக்கடை பில்லிங்ல இருக்கேன். தீபாவளி கூட்டத்துல பின்னாடி பத்து பேர் நிக்கறப்ப "நாலு அஞ்சு ஏழு ரெண்டு போடுப்பா"ன்னு சத்தமா பின் சொல்றவங்க தினமும் வர்றாங்க, பெரும்பாலும் பெரியவங்கதான். மெஷினை கையில கேட்டு வாங்கி, ஸ்க்ரீன்ல அமவுண்ட் பாத்துட்டு, ஒரு கையால மறைச்சு அவங்களே அடிக்கணும், எந்த கடைக்காரரும் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. கார்டை வாங்கிட்டு உள்ள போறேன்னு சொன்னா விடவே கூடாது.

அப்புறம் கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரான்னு சில கடைல கேப்பாங்க. ரூபேன்னு (RuPay) போட்டிருக்கற நம்ம நாட்டு டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரில இருந்து கடைக்காரர்கிட்ட பேங்க் கமிஷனே வாங்கறதில்ல, மத்த டெபிட் கார்டுக்கும் பெரிய கடைக்கே 0.9 பர்சென்ட் தாண்டக் கூடாது, அதையும் கஸ்டமர் தலையில கட்டக் கூடாதுன்னுதான் ரூல். "பில்லுல எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாலே பாதிப் பேர் விட்டுடுவாங்க.

வைகைக்கரை:
எல்லாரும் உங்க அப்பாவப் பத்தியே சொல்றாங்க, அந்த தாத்தா என்ன ஆனாரு? புகார் குடுத்தாரா? இல்லன்னா இன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடச் சொல்லுங்க, பேங்க்ல எழுத்துல குடுத்து சீல் வாங்கணும், அந்த ஏடிஎம் கேமரா ரெக்கார்டை அழிக்காம வைக்கச் சொல்லி அதே லெட்டர்ல எழுதணும்.

2017 ஜூலைல வந்த ரிசர்வ் பேங்க் சர்க்குலர்ல, பேங்க் மேலயும் தப்பில்ல நம்ம மேலயும் தப்பில்லன்னா, மெசேஜ் வந்து 3 வொர்க்கிங் டேஸ்க்குள்ள சொன்னா நமக்கு நஷ்டம் ஜீரோ. 4ல இருந்து 7 நாள்னா சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு அதிகபட்சம் 10,000 வரைக்கும் நாம ஏத்துக்கணும். நாமளே பின்னை சொல்லிக் குடுத்திருந்தா கதை வேற, பேங்க்ல சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது நம்மளுது, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க்கோடது. அந்த தாத்தா அன்னைக்கு ராத்திரியே பிளாக் பண்ணியிருந்தா 12 மணிக்கு மேல போனது முழுக்க பேங்க் பொறுப்பு. "பின் போட்டு எடுத்திருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கவுன்ட்டர்ல வாயால சொல்லி அனுப்பினா திரும்பி வரக் கூடாது, கஸ்டமர் தப்புன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான்னு அதே சர்க்குலர்ல இருக்கு. 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம்.

உங்க அப்பா அக்கவுண்ட்ல எந்த போன் நம்பர் இருக்குன்னு மொதல்ல பாருங்க. பழைய நம்பர்னா மெசேஜே வராது. பிளாக் பண்ற நம்பர் கார்டுக்குப் பின்னாடிதான் இருக்கும், கார்டே போயிட்டா? அதனால வீட்டுக் காலண்டர்ல பெருசா எழுதி வைங்க. கூகுள்ல தேடிட்டு போன் போடாதீங்க, கஸ்டமர் கேர்னு சொல்லி திருட்டுப் பசங்க நம்பர் அங்க நெறையக் கிடக்கு.

கரிசல்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த தாத்தா போலீஸ் ஸ்டேஷன் மட்டும்தான் போயிருக்காரு போல, அவர் பேரன்கிட்ட இப்பவே பேசுறேன். அப்பா அக்கவுண்ட்ல இருக்கறது அண்ணனோட பழைய ஆபீஸ் நம்பராம், அத மாத்தணும். இன்னொரு சந்தேகம், ஏடிஎம்ல பணம் வராம அக்கவுண்ட்ல கழிஞ்சா அந்த மெஷின் எந்த பேங்க்கோ அங்க போகணுமா?

முன்னாள்கேஷியர்:
வேண்டாம்மா, கார்டு குடுத்த நம்ம பேங்க்லதான் புகார். அஞ்சு நாள்ல தானா திரும்ப வரணும், அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா சேத்துத் தரணும்னு 2019ல இருந்து ரூல். ஸ்லிப்ப பத்திரமா வைக்கச் சொல்லுங்க, அது சீக்கிரம் வெளுத்துடும், போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டா நல்லது. நம்பர் மாத்த அப்பாவே நேர்ல வரணும், ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அதே ட்ரிப்ல ரெண்டாவது அக்கவுண்டுக்கும் ஃபார்ம் குடுத்துடுங்க.