துப்பறியும் கதைகள்: பழைய எழுத்து இன்றும் நிற்கிறதா, புதிய திரை வடிவம் அதை மிஞ்சிவிட்டதா?

கேள்வி: தங்கச்சிமடம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். பெரும்பாலோர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த மாதங்களில் அவர்களுடைய அப்பாக்களும் அண்ணன்களும்கூட வந்து அமர்ந்து கேட்பதுண்டு. அடுத்ததாகத் துப்பறியும் கதைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மாணவர்கள் ஷெர்லாக் ஹோம்ஸை அறிந்திருப்பது, 2010இல் பிபிசி தொடங்கிய ‘ஷெர்லாக்’ தொடரின் துணுக்குக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துத்தான். ஹோம்ஸ் முதன்முதலாக 1887இல் அச்சேறியவர் என்று நான் சொன்னபோது, “அந்தக் காலத்தில் கண்காணிப்பு கேமராவும் செல்போன் டவரும் இருந்திருந்தால் அந்தக் கதைகள் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்குமே, சார்” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. இந்தக் கதைகளை இன்று வாசிக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவற்றில் உயிர் இருக்கிறதா? நூலில் தொடங்கிப் பிறகு திரைக்குப் போவது நல்லதா, திரையைக் காட்டி நூலுக்கு இழுத்து வருவது நல்லதா? இரண்டையும் அறிந்தவர்கள் காரணத்தோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: தொண்டி, ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கேமராப் பதிவு கிடைத்ததும் வழக்கு முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பெரியவர்களிடமும் இருக்கிறது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவும், மின்னணுப் பதிவின் நகலோடு உரிய சான்றிதழையும் கேட்கின்றன. சான்றிதழ் வந்து, பதிவு ஏற்கப்பட்ட பிறகும், ஓர் ஆள் இன்ன நேரத்தில் இன்ன தெருவில் நடந்தார் என்பதுதான் அதில் தெரியும். ஏன் நடந்தார் என்பதை யாராவது யோசித்துத்தான் சொல்ல வேண்டும். டவர் பதிவோ, கைப்பேசி எந்த வட்டாரத்தில் இருந்தது என்று சொல்லுமே தவிர, அது யார் கையில் இருந்தது என்று சொல்லாது. அந்த யோசிக்கும் வேலைதான் பழைய கதைகளின் உயிர். கருவிகள் மாறியதால் அது பழசாகிவிடவில்லை.

1892இல் வந்த ‘சில்வர் பிளேஸ்’ கதையைப் பாருங்கள். பந்தயக் குதிரை ஒன்று காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார். அன்றிரவு லாயத்தில் காவல் இருந்த பையனுக்கு ஆட்டுக்கறிக் குழம்பில் அபினித் தூளைக் கலந்திருக்கிறார்கள். அபினிக்கு ஒரு தனிச் சுவை உண்டு. வெறும் சாப்பாட்டில் போட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும். மசாலா சேர்ந்த குழம்பில்தான் மறையும். அப்படியானால், போலீசார் பிடித்து வைத்திருக்கும் வெளியூர்க்காரர், அந்த வீட்டில் அன்றைக்குக் குழம்புதான் வைப்பார்கள் என்று எப்படி அறிந்திருக்க முடியும்? அன்று என்ன சமைப்பது என்று தீர்மானிக்கக்கூடியவர் யார்? நம் அடுக்களைகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தத் துப்பை விளக்க வேண்டியதில்லை. இதே கதையில் இரவில் குரைக்காத நாயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் குழம்புதான் பெரிது.

முக்கியமானது என்னவென்றால், முடிச்சு அவிழும் முன்பே குழம்பும் நாயும் வாசகரின் கண்முன் வைக்கப்பட்டுவிடுகின்றன. துப்பறிபவர் கண்டெடுக்கும் துப்பு உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று. புதிய தொடர்களில் பலவற்றில், துப்பறிபவர் முடிவைச் சொன்ன பிறகுதான் நமக்குக் காட்டாத காட்சியைத் திரும்ப ஓட்டிக் காட்டுகிறார்கள். அதில் வியப்பு உண்டு. நாம் யோசிக்க இடமில்லை. ஆகவே நூலில் தொடங்குங்கள்.

மறுமொழி: மண்டபம் வாசகர்

தொண்டி அய்யா சட்டத்தைப் பற்றி எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் துப்பை மறைப்பது புதியவர்களின் குற்றம் மட்டும் என்பதை ஏற்க இயலவில்லை. ஹோம்ஸின் முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டிலேயே அவர் அமெரிக்காவின் கிளீவ்லேண்டுக்கு ஒரு தந்தி அனுப்புகிறார். அதில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பது கொலையாளி பிடிபட்ட பிறகுதான் நமக்குச் சொல்லப்படுகிறது. நாக்ஸின் விதி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலை அதனால் அளக்கவும் கூடாது, அவர் அதைக் கடைப்பிடித்தார் என்று புகழவும் கூடாது.

நல்ல தழுவல் என்ன செய்யும் என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் தொடக்கத்தில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் தன் சட்டைப்பைக் கடிகாரத்தைக் கொடுத்து ஹோம்ஸைச் சோதிக்கிறார். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி எண்ணற்ற கீறல்கள் இருக்கின்றன. நடுங்கும் கையோடு இரவில் சாவி கொடுத்தவர் குடிகாரர் என்று ஹோம்ஸ் சொல்கிறார். மூடியின் உட்புறம் அடகுக்கடைக்காரர்கள் ஊசிமுனையால் கீறிய எண்கள் நான்கு இருக்கின்றன. அவர் அடிக்கடி பணமுடையில் விழுந்து, இடையிடையே மீண்டவர் என்று தெரிகிறது. வாட்சனின் அண்ணனுடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது.

2010 தொடரின் முதல் பகுதியில் கடிகாரம் கைப்பேசியாகிறது. மின்னூட்டும் துளையைச் சுற்றி அதே கீறல்கள், அதே நடுங்கும் கை. பின்புறம் ஒரு பெயர் பொறித்திருக்கிறது. விலையுயர்ந்த கைப்பேசியைக் கைவிட்டதால் மணவாழ்க்கை முறிந்திருக்கிறது என்று ஷெர்லாக் கணிக்கிறார். அண்ணன் என்று அவர் நினைத்தது மட்டும் தவறு. அது வாட்சனின் சகோதரி. பழைய கதையை அறிந்தவர்களுக்கும் அங்கே ஒரு புதிய திருப்பம் கிடைக்கிறது. எழுதியவர்கள் ஹோம்ஸின் கோட்டையும் தொப்பியையும் மட்டும் கடன் வாங்கவில்லை, சிந்திக்கும் முறையையே இன்றைய பொருளில் பொருத்தியிருக்கிறார்கள். 2017இல் வந்த கடைசிப் பருவத்தில் இந்த உழைப்பு குறைந்து ஆர்ப்பாட்டம் கூடிவிட்டது என்பது என் எண்ணம். அதற்காக முதல் பகுதிகளைத் தள்ளிவிட முடியாது.

தமிழிலும் 2017இல் மிஷ்கின் இயக்கிய ‘துப்பறிவாளன்’ இதை ஓரளவு செய்தது. தன் நாய்க்குட்டியைக் கொன்றது யார் என்று கேட்டு வரும் ஒரு சிறுவனின் வழக்கிலிருந்து பெருங்குற்றம் ஒன்று விரிகிறது. ஒரு பழைய தொப்பியும் ஒரு வாத்தும் திருடப்பட்ட மாணிக்கத்தில் கொண்டுபோய் விடும் டாயிலின் கதை மரபுதான் இது. பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வந்தாலும் வரட்டும், ஆசிரியர் அவர்களே.

மறுமொழி: கீழக்கரை வாசகி

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் பார்த்த ஊர் எங்களுடையது என்பதால், ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் மேரி மார்ஸ்டனுக்கு ஆண்டுக்கு ஒரு முத்தாக, பெயர் தெரியாத ஒருவர் ஆறு முத்துகள் அனுப்பியிருந்தார் என்ற இடம் என்னை முதல் வாசிப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதே நாவலை வளர்ந்த பிறகு வாசித்தபோது வருத்தமே மிஞ்சியது. ஆக்ராக் கோட்டையில் வரும் சீக்கியர்களுக்கு டாயில் அப்துல்லா கான், முகமது சிங் என்று பெயர் வைத்திருக்கிறார். பெயரைக் கேட்டாலே சமயமும் ஊரும் புரியும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறு பிழையாகத் தோன்றாது. அந்த மனிதர்கள் யார் என்று அவர் அறிந்துகொள்ள முயலவே இல்லை என்றுதான் தோன்றும். அந்தமானிலிருந்து வரும் டோங்காவையோ மனிதராகவே அவர் எழுதவில்லை. ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் இந்தியப் பாம்பு ஒன்று பால் குடிக்கிறது, சீழ்க்கை ஒலிக்குத் திரும்பி வருகிறது. புற்றில் பால் ஊற்றும் வழக்கம் நம் நாட்டில் இருந்தாலும், பாம்பு பாலைக் குடித்து வாழும் உயிரல்ல. டாயில் சொல்லும் அந்தச் சதுப்புநில விரியன் இந்தியாவில் கிடையவும் கிடையாது. ஆகவே, இப்படிப்பட்ட இடங்களைத் தழுவுகிறவர்கள் மாற்றினால் அதை நான் வரவேற்பேன்.

ஆனால் புதியது என்பதால் மட்டும் அது முற்போக்காகிவிடாது. 1891இல் வந்த ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’வில் ஐரீன் ஆட்லர், மாறுவேடத்தில் வந்த ஹோம்ஸை இனங்கண்டு, தானும் ஆண்வேடம் பூண்டு அவர் வீட்டு வாசல் வரை தொடர்ந்து வந்து, இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். மறுநாள் காலை ஹோம்ஸ் போய்ப் பார்க்கும்போது அவளும் இல்லை, அவர் தேடிய புகைப்படமும் இல்லை. அவள் முழுமையாக வென்றுவிட்டாள். 2012இல் இதே கதையைத் தழுவிய ‘ஷெர்லாக்’ தொடரின் பகுதியில் அவள் ஹோம்ஸிடம் தோற்று, கடைசியில் அவர் வந்து காப்பாற்றித்தான் உயிர் பிழைக்கிறாள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து எழுதியவர்கள் ஒரு பெண்ணின் வெற்றியைப் பறித்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் மாணவிகளுக்குக் கட்டாயம் நூலைக் கொடுங்கள். டாயிலின் பிழைகளையும் மறைக்காமல் அவர்களிடம் பேசுங்கள்.

மறுமொழி: பாம்பன், படகு வைத்திருப்பவர்

சாருக்கு வணக்கம். கீழக்கரைச் சகோதரி எழுதியதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அகதா கிறிஸ்டியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 1939இல் வெளியான ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் வர வேண்டிய படகு வரவில்லை; பிறகு புயல் எழுகிறது. கைப்பேசிக் காலத்தில் இந்தக் கதை நடக்காது என்பவர்கள் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து பார்க்கலாம். சிக்னல் போய்விடும். காற்று பெயர்ந்துவிட்டால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் வந்து சேர முடியாது.

அந்த நாவலில் போலீசாரால் உண்மையைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கொலையாளி எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்த கடிதத்தை ஒரு மீன்பிடிப் படகின் தலைவர் கண்டெடுத்து அனுப்பிய பிறகுதான் எல்லாம் தெரிகிறது. (கொலையாளி யார் என்று எழுதவில்லை; பிள்ளைகள் வாசிக்கட்டும்.) 1943இல் மேடைக்காக கிறிஸ்டியே முடிவை மாற்றினார், 1945 திரைப்படமும் அந்த இளகிய முடிவையே எடுத்துக்கொண்டது. 2015இல் பிபிசி எடுத்த தொடர் நாவலின் கடுமையான முடிவை மீட்டது, ஆனால் பாட்டிலை விட்டுவிட்டது. எனக்கு அது குறைதான். அந்தக் கடிதம் கிடைக்காமலே போயிருக்கலாம் என்ற எண்ணம்தான் வாசித்து முடித்த பிறகும் நம்மை விடாமல் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. காற்சட்டையில் தெறித்த சேற்றைப் பார்த்து லண்டனில் எந்தப் பகுதியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று ஹோம்ஸ் சொல்வதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தால், ஒரு வலையைக் கரையில் விரித்துக் காட்டுங்கள். வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாத சேற்றுக்கடல். தென்கடலில் தீவுகளை ஒட்டிப் பார் (பவளப்பாறை) கிடக்கிறது. கண்ணிகளில் அப்பியிருப்பது சேறா, பாரில் உரசி அறுந்த இடத்தில் ஒட்டிய பவளத் துண்டா என்று பார்த்தே வலை எந்தக் கடலுக்குப் போய் வந்தது என்று எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்லிவிடுவார்கள்.

மறுமொழி: தங்கச்சிமடம் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. முதல் வாரத்தில் ‘சில்வர் பிளேஸ்’ கதையைக் குழம்பு வரும் இடத்துக்குச் சற்றுப் பின்வரை வாசித்து நிறுத்தி, யார் மீது சந்தேகம், ஏன் என்று எழுதச் சொல்லப் போகிறேன். அடுத்த வாரம் கடிகாரப் பகுதியை வாசித்த பிறகு கைப்பேசிக் காட்சியைக் காட்டுவேன். ஐரீன் ஆட்லருக்கு ஒரு வாரம் தனியே தேவைப்படும். அன்று கீழக்கரைச் சகோதரி வர இயன்றால் மாணவிகளுக்கு நல்லது. பாம்பன் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: வடகடலில் போட்ட வலையில் ஒன்றும் தென்கடலில் போட்ட வலையில் ஒன்றும், அலசாமல் அப்படியே ஒரு சனிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுவர முடியுமா? எந்தச் சனிக்கிழமை உங்களுக்குத் தோது என்று சொன்னால் வகுப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.