தைப்பொங்கலுக்கு நூலகப் பாடம்: தரம் 3க்கு எப்படிச் செய்யலாம்?

கேள்வி:
28 பிள்ளையள், 40 நிமிசப் பாடவேளை ஒண்டு. பொங்கலை வைச்சு இறாக்கையில புத்தகம் தேடப் பழக்க வேணும். என்ன ஒழுங்கில செய்யலாம்?

பதில் 1:
பொங்கல் புத்தகங்களை ஒரு மேசையில குவிக்காதேங்கோ ரீச்சர், தேடுற வேலையே இல்லாமப் போயிடும். டூயி தசமப் பகுப்பில (புத்தகங்களைப் பொருள்வாரியா எண் குடுத்து அடுக்கிற முறை) விழாக்கள் 394, சூரியன் 523, நெல் 633, மாடு 636, சமையல் 641. நாலு பேருக்கு ஒரு மட்டை குடுங்கோ. அதில ஒரு கேள்வி: "பட்டிப்பொங்கலுக்கு மாலை போடுற மிருகம் எப்பிடி அசைபோடும்?" முதல்ல 'மாடு' எண்ட சொல்லைப் பிடிக்கோணும், பிறகு எண், பிறகுதான் இறாக்கை. இந்த ஒழுங்குதான் முக்கியம்.

பதில் 2:
புத்தக எண்ணில வாற தசமத்தில கவனம். 3ஐ விட 26 பெரிசெண்டு நினைச்சு பிள்ளையள் 394.26 ஐ 394.3க்குப் பிறகு வைப்பினம். இந்த வயசுக்குப் புள்ளிக்கு முன்னால உள்ள மூண்டு இலக்கம் காணும். புத்தகத்தை இழுக்க முன்னம் அந்த இடத்தில அடிமட்டத்தைச் செருகச் சொல்லுங்கோ. இடம் மாறி வைச்ச புத்தகம் துலைஞ்ச மாதிரித்தான்.

பதில் 3:
தேட 15 நிமிசம், வாசிக்க 15, மிச்சம் திருப்பி அடுக்க. கதைப் புத்தகங்களை ஆசிரியர் பேரின்ர முதலெழுத்தால அடுக்கியிருந்தா, க ங ச ஞ வரிசையை இறாக்கை விளிம்பில ஒட்டிவிடுங்கோ. உயிரெழுத்தில பிழைக்காயினம், மெய்யிலதான் தடுமாறுவினம்.