'அக்கூஸ்டிக்' டிரம் செட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

க. (திங்கள், காலை 9.10)

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைக்கு முதல் டிரம் செட் வாங்கப் போகும் பெற்றோருக்கான எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மரக்கூடும் வெண்கலத் தாளமுமாக நிற்கும் வகையை வாங்குவதா, ரப்பர் தட்டும் ஒலிப்பெட்டியும் ஹெட்போனுமாக வரும் வகையை வாங்குவதா என்பதே அதன் பேச்சு. இரண்டாவதற்கு 'மின்னணு' இருக்கிறது. முதலாவதற்குச் சொல் அகப்படவில்லை. அகராதிகள் தரும் 'ஒலியியல்' ஓர் அறிவுத்துறையின் பெயர். 'ஒலியியல் டிரம்' என்றால் மற்றதில் ஒலியே வராதுபோல் தோன்றும். வரைவில் இப்போது 'சாதா டிரம்' என்று கிடக்கிறது. அது மட்டமான சரக்கு என்ற எண்ணத்தைத் தருகிறது. நல்ல மேப்பிள் மரக்கூட்டுச் செட்டின் விலை பல மின்னணுச் செட்டுகளை மிஞ்சும் என்பதால் அந்தச் சொல் பொய்யும் ஆகிறது.

கூடவே மெஷ் ஹெட் (தட்டின் முகத்தில் மாட்டும் வலை), ட்ரிகர் (அடியை உணர்ந்து ஒலியை எழுப்பவைக்கும் உறுப்பு), கிராஸ்டாக் (அடிக்காத தட்டும் ஒலிப்பது) மூன்றுக்கும் சொல் வேண்டும்.

அ. (திங்கள், காலை 11.40)

அன்புள்ள க.,

'டிரம் செட்' என்பதையே ஏன் விட்டுவைக்க வேண்டும்? சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை வரிசைப்படுத்தி, அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்று வகுத்துக்கொண்டு போகிறார். அங்கே 'கணப்பறை' என்று ஒரு பெயர் வருகிறது. கணம் என்றால் கூட்டம். ஒரே ஆள் வாசிக்கும் பறைக்கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அடுத்து, 'அக்கூஸ்டிக்' என்ற அடை அந்தக் கருவியோடு பிறந்ததல்ல. எதிரில் இன்னொன்று வந்த பிறகு ஒட்டியது. தமிழுக்கு இது பழகிய வழி. எள் + நெய் = எண்ணெய். தேங்காயும் வேம்பும் கடலையும் தந்த நெய்களுக்கெல்லாம் அந்தப் பெயர் பரவி, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணெண்ணெயும் ஆனபின், எள்ளின் நெய் தன் பெயரை இழந்து நல்லெண்ணெய் ஆயிற்று. பிராய்லர் வந்ததும் கோழி நாட்டுக்கோழி ஆயிற்று. அந்த வழியே சென்றால் முதல் வகை இயற்கணப்பறை, மற்றது மின்கணப்பறை.

ந. (திங்கள், பிற்பகல் 2.25)

ஐயா, நல்லெண்ணெய் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் உதவும். கணப்பறைக்கு மட்டும் மறுப்பு. பறை இன்று ஒரு குறிப்பிட்ட ஒருமுகக் கருவியின் பெயர். அதற்கென்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வகுப்புகள் நடக்கின்றன. கையேட்டைப் பார்க்கும் தாய் பறை வகுப்பு என்றே நினைப்பார். தவிர, அடியார்க்கு நல்லார் கணப்பறையை அதமக் கருவி, அதாவது கடைத்தரக் கருவி என்று புறமுழவில் வைக்கிறார். உத்தமம் என்று அகமுழவில் அவர் வைப்பது மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம், குடமுழா ஆகியவற்றை.

தோற்கருவி என்பதும் முழுதாகப் பொருந்தாது. ஐந்து உருப்படிச் செட்டில் 22 அங்குல பாஸ் டிரம், 14 அங்குல ஸ்னேர், 10, 12 அங்குல டாம்கள், 14 அல்லது 16 அங்குல ஃப்ளோர் டாம் இருக்கும். இவற்றோடு ஹை-ஹாட், கிராஷ், ரைட் என்ற தாளங்கள். தாளங்கள் எல்லாம் கஞ்சக்கருவி, அதாவது வெண்கலக் கருவி. டிரம்களின் முகத்திலும் இன்று தோல் கிடையாது, பாலியெஸ்டர் படலம்தான். டிரம் படலம் செய்யும் ரெமோ நிறுவனம் 1957இல் தொடங்கிய பிறகு கன்றுத் தோல் மெல்லமெல்லப் போய்விட்டது. மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து சுருதி இறங்கும், படலம் அப்படி இறங்காது என்பது முக்கியக் காரணம்.

க. கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம்மூரில் 'மின்னணு டிரம்' என்றால் பலருக்கு ஆக்டோபேட் நினைவுக்கு வரும். மெல்லிசைக் குழுவில் 'பேட் வாசிக்கிறவர்' என்றால் எட்டுக் கட்டம் போட்ட அந்த ஒற்றைப் பலகையைத்தான் சொல்வோம். ரோலண்ட் நிறுவனம் அதை 1985இல் கொண்டுவந்தது. கால்மிதி தனியே சேர்த்தாலொழியக் காலுக்கு அதில் வேலை இல்லை. டிரம் பழகும் பிள்ளைக்கோ வலக்கால் பாஸ் டிரம்மிலும் இடக்கால் ஹை-ஹாட்டிலும் பழகவேண்டும். ஆகவே 'செட்' என்ற சொல்லை எந்தத் தூய்மைக்காகவும் எடுத்துவிடாதீர்கள். அது போனால் பெற்றோர் ஆக்டோபேடை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சி. (திங்கள், இரவு 10.05)

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் 'இலத்திரனியல்' என்றுதான் இருக்கு. எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான் படிக்கினம். கையேடு எங்கட பக்கமும் வருமெண்டால் முதல் இடத்திலயாவது 'மின்னணு (இலத்திரனியல்)' எண்டு போடுங்கோ. மற்றதுக்கு 'தன்னொலி' எண்டு வைக்கலாமே? தன்ர உடம்பிலயிருந்து தானே ஒலிக்கிறது.

ப. (செவ்வாய், காலை 8.30)

சி. அண்ணா, 'தன்னொலி' காதுக்கு இனிமைதான், ஆனால் அந்த இடத்தில் வேறொன்று உட்கார வேண்டியிருக்கிறது. ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914இல் வெளியிட்ட கருவிப் பகுப்பில், கம்பியோ படலமோ இல்லாமல் தன் கட்டியுடலே அதிர்ந்து ஒலிப்பவை ஒரு தனி வகுப்பு. நம் ஜால்ரா, கடம், சேகண்டி எல்லாம் அதில் அடங்கும். 'தன்னொலிக்கருவி' அந்த வகுப்புக்கே பொருந்தும் பெயர். அதை டிரம்முக்குக் கொடுத்தால் செட்டின் தாளங்கள் மட்டும் தன்னொலி, டிரம்கள் இல்லை என்று ஆகிவிடும்.

எந்தச் சொல்லையும் மூன்று இக்கட்டில் வைத்துப் பாருங்கள். முதலாவது, மேடையில் மரச்செட்டின் முன் ஆறேழு மைக் வைத்துப் பெருக்கிக்கு அனுப்புகிறோம். அது இன்னும் அக்கூஸ்டிக்தான். ஆகவே 'மின்சாரமில்லா' அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, மரச்செட்டிலேயே வளையத்தில் உணரி மாட்டிப் பதிவொலியையும் சேர்த்து எழுப்பும் கலப்பு வகை. மூன்றாவது, மரக்கூட்டில் படலத்தைக் கழற்றிவிட்டு வலை மாட்டி, துளையிட்ட தணிந்த ஒலித் தாளங்களைத் தொங்கவிடும் அமைதிச் செட். இதில் மின்சாரமே இல்லை, முழங்கவும் முழங்காது. 'முழங்கு செட்' என்று யாராவது சொல்வதற்குமுன் சொல்லி வைக்கிறேன்.

வேறுபாடு ஒலி பிறக்கும் இடத்தில் இருக்கிறது. மரச்செட்டில் மேல்முகத்தை அடித்தால் கூட்டுக்குள் காற்று அழுந்தி அடிமுகத்தை அதிரச் செய்கிறது. கூடும் சேர்ந்து அதிர்கிறது. மின்னணுத் தட்டில் அடியை ஒரு பீசோ வில்லை வாங்கிச் சிறு மின்னழுத்தமாக மாற்றுகிறது. பெட்டி அதை அளந்து, சேமித்து வைத்திருக்கும் ஒலியை எடுத்து விடுகிறது. தட்டு நமக்குத் தருவது 'அடித்தார்கள், இவ்வளவு வேகத்தில்' என்ற செய்தி மட்டுமே. மிடி (மின்னிசைக் கருவிகள் செய்தி பரிமாறும் முறை) வழக்கில் அந்த வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண். என் முன்மொழிவு 'இயல்பொலி'. அடித்த இடத்திலேயே இயல்பாகப் பிறக்கும் ஒலி.

அ. (செவ்வாய், காலை 10.15)

இயல்பு + ஒலி, குற்றியலுகரம் கெட்டு 'இயல்பொலி'. புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் மற்றது இயல்பல்லாத ஒலி என்று ஆகாதோ? மத்தளத்துக்கு அடியார்க்கு நல்லார் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: மத்து என்பது ஓசைப்பெயர், இசையிடனாகிய கருவிகளுக்கெல்லாம் தளம் ஆதலால் மத்தளம். தளம், அதாவது ஓசை தங்கும் இடம். ப. சொல்லும் 'ஒலி பிறக்கும் இடம்' என்ற கருத்தை அவர் முன்பே பிடித்துவிட்டார். 'தளவொலி' என்று வைத்தால் என்ன? அடித்த தளத்தில் எழும் ஒலி.

ந. (செவ்வாய், மதியம் 12.50)

ஐயா, 'தளம்' என்றால் இணையதளமும் வான்படைத் தளமும் முன்னே வந்து நிற்கின்றன. தளவொலி என்றதும் மாடித் தளத்தில் கேட்கும் ஒலி என்று எண்ணுவார்கள். அடுக்குமாடியில் இந்தக் கருவியைப் பற்றி வரும் முதல் புகாரே அதுதான்!

இதைக் கையேட்டில் தெளிவாக எழுதவேண்டும் க. மின்னணு வகை முற்றிலும் அமைதி என்று கடையில் சொல்வார்கள். காற்றுவழி ஒலி குறைவு என்பது சரி. மரச்செட் சின்ன அறையில் 100 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் பழகக்கூடாது. ஆனால் மின்னணுச் செட்டின் கால்மிதிச் சுத்தி அடிக்கும் ஒவ்வொரு அடியும் சட்டத்தின் வழியே தரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் 'தம் தம்' என்று கேட்கும். ரப்பர் விரிப்பு அதைத் தடுக்காது. இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக டென்னிஸ் பந்துகளைப் பொருத்தி, அந்த மேடைமேல் செட்டை வைத்தால் பெருமளவு குறையும். பலகை எங்கும் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு அதன் வழியே இறங்கிவிடும்.

மெஷ் ஹெட்டுக்கு 'வலைத்தலை' என்பேன். மிருதங்கத்தில் வலந்தலை, இடந்தலை என்கிறோமே, முகத்தைத் தலை என்பது நம் வழக்கு. இரவல் இல்லை.

க. (செவ்வாய், மாலை 5.30)

வலந்தலை, வலைத்தலை இரண்டும் காதில் ஒன்றாக விழாதா? தவில் தெரிந்த தந்தை ஒருவர் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ந. (செவ்வாய், இரவு 7.15)

அப்படியானால் 'வலைமுகம்'. முகம் என்பதும் நம் வழக்கே. ஒருமுகம், இருமுகம் என்கிறோம். ரப்பர் தட்டைவிட வலைமுகம் மணிக்கட்டுக்கு நல்லது. 1981இல் வந்த சிம்மன்ஸ் நிறுவனத்தின் அறுகோண மின்னணுத் தட்டுகள் பாலிகார்பனேட் பரப்பில் இருந்ததால் வாசித்தவர்களுக்கு மணிக்கட்டு வலி வந்தது. ரோலண்ட் 1997இல் வலையைக் கொண்டுவந்தபின்தான் குச்சி துள்ளி எழும் உணர்வு மரச்செட்டை நெருங்கியது. ஆனால் வலை அளவுக்கு மீறித் துள்ளும். அதிலேயே பழகிய கை மரச்செட்டின் ஃப்ளோர் டாமில் உருட்டும்போது தளர்ந்துவிடும்.

ப. (புதன், காலை 9.00)

ட்ரிகருக்கு 'தூண்டி' போதும். 'விசை' என்றால் தட்டச்சுப் பலகை ஆகிவிடும்.

கிராஸ்டாக்குக்கு 'குறுக்குப் பேச்சு' என்று எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது தொலைபேசிக் கம்பியில் நடந்தது. இங்கே நடப்பது, டாமை அடித்தால் அதே சட்டத்தில் மாட்டிய பக்கத்துத் தட்டும் அதிர்ந்து, அடிக்காமலேயே அதன் ஒலி எழுவது. 'அயலதிர்வு' என்று வைக்கலாம். தீர்க்கும் வரிசையும் சொல்லில் தெரியும்: முதலில் அயலதிர்வு எங்கிருந்து வருகிறதென்று பார்த்துப் பிடிப்பான்களை இறுக்கு, இரண்டு தட்டும் ஒன்றையொன்று தொட்டால் விலக்கு. பிறகுதான் பெட்டியில் அயலதிர்வுத் தடுப்பை ஒவ்வொரு படியாக ஏற்று, பொய்யொலி நின்ற இடத்தில் நிறுத்து. அதற்குமேல் ஏற்றினால் இரண்டு தட்டை ஒன்றாக அடிக்கும்போது ஒன்று விழுங்கப்படும். தொடக்க வரம்பை (இதற்கும் மெல்லிய அடி ஒலிக்காது என்ற அளவை) உயர்த்தியும் மறைக்கலாம், ஆனால் ஸ்னேரின் மெல்லடிகள் எல்லாம் மறைந்துபோகும். ஒரே அடிக்கு இரண்டு ஒலி வந்தால் அது அயலதிர்வு அல்ல, வேறு நோய். மறுதூண்டல் இடைவெளியை (ஓர் அடிக்குப் பின் அடுத்ததை ஏற்காமல் காக்கும் நேரத்தை) சில மில்லிநொடி கூட்டவேண்டும். மிகக் கூட்டினால் வேகமான உருட்டில் ஓட்டை விழும். விளிம்பு அடி ஒலிக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் கம்பிதான் காரணம்: நடுவும் விளிம்பும் தனித்தனியே ஒலிக்கும் இருபகுதித் தட்டுக்கு ஸ்டீரியோ கம்பி வேண்டும், மோனோ மாட்டியிருப்பார்கள்.

சி. (புதன், மாலை 6.40)

அயலதிர்வு நல்லாயிருக்கு, அயல்வீடு எண்டு எங்களுக்குப் பழகின சொல். 'இயல்பொலி'க்கு நான் எதிர்ப்பில்லை. ஆனா கடைக்காரரிட்ட போய் 'இயல்பொலி டிரம் செட் இருக்கோ' எண்டு கேட்டால் விளங்குமோ?

ந. (புதன், இரவு 8.05)

விளங்காது. கடையில் 'ட்ரம் செட்' என்றாலே மரச்செட்டைத்தான் காட்டுவார்கள். ஆகவே கையேட்டிலும் அடைமொழி இல்லாமல் 'டிரம் செட்' என்றால் அதுவே. ஒப்பிடும் பத்தியில் மட்டும் அடை சேர்ப்போம். எண்ணெய்க்கு நேர்ந்தது இதற்கு நேரட்டும், காலம் வரும்போது.

மரச்செட் பக்கத்தில் ஒரு வரி விடுபடக்கூடாது: சுருதி கூட்டத் தெரியாவிட்டால் நல்ல செட்டும் தகரமாக ஒலிக்கும். புதிய படலம் மாட்டினால் திருகுகளை விரலால் இறுக்கி, பிறகு சாவியால் எதிரெதிர்த் திருகாக அரைத்திருப்பு அரைத்திருப்பாக ஏற்றவேண்டும். ஸ்னேரில் எட்டோ பத்தோ திருகு இருக்கும். வட்டமாக வரிசையில் இறுக்கினால் படலம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுருதி சேராது. மின்னணுவில் இந்த வேலை இல்லை. அதனாலேயே அதில் மட்டும் பழகும் பிள்ளைக்கு இந்தக் காது வளராது. அடுக்குமாடி என்றால் வலைமுக மின்னணு, தனிவீடு என்றால் மரச்செட், இதுவே என் வாக்கு.

க. (வியாழன், பிற்பகல் 3.20)

நன்றி. அச்சுக்குப் போவது: டிரம் செட்; ஒப்பீட்டில் இயல்பொலி டிரம் செட், மின்னணு (இலத்திரனியல்) டிரம் செட்; வலைமுகம்; தூண்டி; அயலதிர்வு. இயல்பொலிக்கு மூவர் சம்மதம், அ. ஐயா மறுப்பு. கலப்பு வகைக்குச் சொல் கிடைக்கவில்லை, 'தூண்டி மாட்டிய டிரம் செட்' என்று விரித்தே எழுதிவிட்டேன்.

அ. (வியாழன், இரவு 9.50)

என் மறுப்பு நிற்கட்டும். அயலதிர்வை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இயல்பு என்பது பொருளின் குணம், ஒலி பிறந்த இடத்தைச் சொல்லாது. மறுபதிப்பு வரும்போது 'தளவொலி'யை எடுத்துப் பார்க்கவேண்டும். 'தளம்' இணையத்துக்குப் போனது அண்மையில்தான். மத்தளத்தில் அது இன்னும் இருக்கிறது.