புதுப்பிப்பு: ஃபோர்ட் கொச்சி போய்ட்டு வந்தாச்சு

பினாலே (ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொச்சியில நடக்கிற பெரிய கலைக் கண்காட்சி) இல்லாத மாசத்துல ஃபோர்ட் கொச்சி போனா பார்க்க என்ன இருக்கும்னு போன வாரம் கேட்டிருந்தேன். "வெறும் பூட்டுதான் இருக்கும்"னு பாதிப் பேர் சொன்னீங்க. பினாலேயோட முக்கிய இடமான ஆஸ்பின்வால் ஹவுஸ் விஷயத்துல அது சரிதான், கேட்டோட திரும்பிட்டேன்.

ஆனா பெப்பர் ஹவுஸுக்குப் போகச் சொன்னவருக்கு ஒரு டீ கடன்! கடலோரத்துல ஓட்டுக்கூரை போட்ட பழைய கிடங்கு, நடுவுல பெரிய முற்றம். 2012-ல பினாலே தொடங்கின அதே அறக்கட்டளைதான் ஓவியர்களை இங்க தங்கி வேலை செய்ய வைக்குது. ஒரு அறை வாசல்ல பெயின்ட் காயாத சாக்குத்துணி வெயில்ல கிடந்துச்சு. எதுக்குன்னு அந்த அறையில இருந்த ஓவியர்கிட்ட கேட்டேன்; "எனக்கே இன்னும் தெரியல"ன்னு சிரிச்சாங்க. எனக்கு அதுவே கண்காட்சியைவிடப் பிடிச்சுது.

பக்கத்துல மட்டாஞ்சேரியில தெருச் சுவர்கள்ல இருந்த ஓவியங்கள்ல பாதி மழையில உரிஞ்சு போச்சு. படங்கள் ராத்திரி போடுறேன்.